இரண்டு மணிக்குத் திறந்த கேட்

யூட்டாவில் எங்கள் பள்ளத்தாக்குப் பூங்காவுக்குள் போகும் மண் சாலைக்கு ஓர் இரும்பு கேட் உண்டு. மேற்கே பீடபூமியின் மேல் மேகம் திரண்டால் அதை மூடுவது என் வேலை. அந்தச் சாலை ஒரு வறண்ட ஓடையின் படுகை. தலைக்கு மேல் வெயில் கொளுத்தினாலும், இருபது மைலுக்கு அப்பால் பெய்கிற மழை அதன் வழியே வெள்ளமாக வந்து இறங்கிவிடும்.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, சங்கிலி போட்ட கேட்டருகே நின்றுகொண்டிருந்தபோது ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் கர்ட். ஐடஹோவிலிருந்து ஒரு நாள் முழுக்க ஓட்டி வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அப்பா மெரில். எண்பத்தாறு வயது, சுத்த வழுக்கை.

"சாலை முடியற இடத்துலேருந்து ஒரு மைல் நடந்தா போதுமாமே தம்பி? அங்க பாறையில எங்க தாத்தா ஆசா நூத்து முப்பது வருஷம் முன்னாடி தன் பேரை வெட்டி வெச்சிருக்கார். நான் பாத்ததே இல்ல" என்றார் பெரியவர்.

"இன்னைக்கு முடியாதுங்க. மேற்கால மேகத்தப் பாருங்க."

"அதுவா மேகம்? என் தலையில இருக்கற முடியே அதைவிட ஜாஸ்தி."

கர்ட் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று நான் திருப்பி அனுப்பிய ஒன்பதாவது கார் அது.

"நூத்து முப்பது வருஷமா இருக்கற பேரு. நாளைக்கு எங்க ஓடிடப் போகுது?" என்றேன்.

பெரியவர் முகம் சுருங்கியது. "விடுங்கப்பா, அவர் வேலைய அவர் செய்யறார். காலையில வந்துட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பலாம்" என்றார் கர்ட். பெட்ரோல் பங்குக்குப் பக்கத்து விடுதியில்தான் தங்கியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மழை வரவில்லை. இரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து லூப்பே வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். "வெர்ன், எல்லாம் கலைஞ்சு போச்சு. திறந்து விடு."

திறந்தேன். "காலையில ஒரு பெரியவர் வந்தாரு. விடுதிக்குச் சொல்லி அனுப்பலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

"சொல்லேன். ரெண்டு நிமிஷம் ஆகுமா?"

ஆகாது. ஆனால் நாளைக்குத்தான் வரப்போகிறார்களே என்று தோன்றியது. காட்டன்வுட் மர நிழலில் வண்டியை நிறுத்தி, சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் பீடபூமியில் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் சாலையின் கடைசி இரண்டு மைலை அரித்துக்கொண்டு போனது. சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒன்பது மணிக்குச் சாம்பல் நிறக் கார் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். முந்தின நாள் மதியம் திறந்ததைச் சொல்லவில்லை. பெரியவர் இந்த முறை கேலி எதுவும் பேசவில்லை. தார்ச் சாலை வழியாகப் போனால் காரில் இருந்தபடியே பாறைச் சுவர்களைப் பார்க்கலாம் என்று வழி காட்டினேன். அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்விட்டார்கள்.

பிப்ரவரியில் கர்ட்டிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா ஜனவரியில் இறந்துவிட்டார்; அந்தப் பெயரை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

விடுமுறை நாளில் நடந்து போனேன். இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது அந்தப் பெயர். பாறையில் விரிசல் குறுக்கிட்டதால் கடைசி எழுத்தை நெருக்கிச் சின்னதாக வெட்டியிருந்தார் ஆசா. பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினேன். கூடவே, இரண்டு மணிக்குத் திறந்ததையும், நான் தூங்கியதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "படங்களுக்கு நன்றி. கேட்டை மூடியது சரிதான் என்றுதான் அப்பா சொன்னார். அன்று மதியம் முழுக்க வெளியே வெயில் அடிப்பதைப் பார்த்தபடி, பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் என்னிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். எழுதவில்லை.