யார் எதைப் பார்க்கலாம்

ஆய்வகத்தின் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. கணினிகளைக் கவனிக்கும் ரவ்தா பாதி கடித்த ஃப்ரிகாசே பன்னைக் காகிதத்தோடு மேசையில் வைத்தாள். விரலில் ஒட்டிய ஹரிஸ்ஸா மிளகாய் விழுது எரிந்தது.

"சிஸ்டம் உள்ளயே விட மாட்டேங்குது ரவ்தா! எல்லாரையும் வெளிய தள்ளிருச்சு!" மாடியிலிருந்து ஷைமா கத்தினாள். ரத்தப் பரிசோதனைப் பிரிவு அவளுடையது. முதலாளியின் மருமகளும் அவள்தான். "ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வச்சுட்டு ரிசல்ட் கேக்குறாங்கடி!"

ரவ்தா பதறவில்லை. என்ன நடந்தது என்று திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முந்தைய நாள் சாயங்காலம் லாகின் பகுதியைப் புதிய பதிப்புக்கு மாற்றியவள் அவள்தான். தன் கணக்கில் நுழைந்து பார்த்தாள், திறந்தது, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கணக்கில் எதையெல்லாம் பார்க்கலாம் என்ற உரிமைகள் எழுதப்பட்டிருந்தன. மற்றவர்கள் யாருக்கும் எழுதவே இல்லை. 'ஒரே குடும்பம், இதுல எதுக்குப் பூட்டு?' என்பது முதலாளி ஹாஜி லஸ்ஸாத்தின் கொள்கை. உரிமை எழுதாத ஆளுக்குப் பழைய பதிப்பு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. புதியது எதையுமே திறக்கவில்லை.

ஹாஜி மூச்சிரைக்க வந்து நின்றார். எல்லார் விஷயமும் முன்கூட்டியே தெரிந்தவர் என்று ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுக்கப் பேர் வாங்கிய மனிதர். போன மாதம் ஒரு நர்ஸ், கர்ப்பம் என்று கணவனிடம் சொல்லும் முன்பே அவள் வீட்டுக்குப் பக்லாவா இனிப்பு அனுப்பியவர். 'ஹாஜிக்கு மூக்கு நீளம்' என்று சிரித்தார்கள்.

"பழசையே போடு பொண்ணே! இப்பவே!"

"போட்டா வாசல் காவலாளிகூட யாரோட ரிசல்ட்டையும் படிக்கலாம் ஹாஜி. இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கு."

"படிச்சுட்டுப் போறான்! அங்க ஒருத்தன் சாகக் கிடக்கான்!"

"சாக விட மாட்டேன். தப்பு என்னோடது, சரி பண்றதும் நான்தான்."

முதலில் ஷைமாவின் கணக்குக்கு உரிமை எழுதினாள். சற்று நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது. "ரிசல்ட் போயிருச்சு! உன் கைக்குத் தெம்பு வரட்டும்!"

பிறகு ஒவ்வொருவராக அழைத்தாள். வண்டி ஓட்டும் ஃபெத்தி முகத்தைச் சுளித்தான்.

"எனக்கு வெறும் விலாசம் மட்டுமா? யாருக்குச் சர்க்கரைன்னு தெரியாம நான் வண்டியில யாருக்கு மிட்டாய் நீட்டுறது?"

"யாருக்கும் நீட்டாத. ஓட்டு, போதும்."

கடைசியாக ஹாஜியின் கணக்கு. வரவு செலவு, சம்பளம், சரக்கு என்று வரிசையாகத் திறந்துவிட்டாள். 'நோயாளிகளின் முடிவுகள்' என்ற கட்டத்தை மட்டும் தொடாமல் விட்டாள்.

ஹாஜி திரையருகே குனிந்து பார்த்தார். மாடியில் ஷைமா யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப நம்ம ஷைமாவோட கர்ப்ப டெஸ்ட் ரிசல்ட்ட மாசாமாசம் நான் எப்படிப் பாக்குறது?"