கதை, வசனம்: அப்பா

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு படம் போடுவோம். முப்பது வருஷமாக அதே படம்தான். ஊரில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள், புதுப்படம் பார்க்கிறார்கள். நாங்கள் மட்டும், பனி கொட்டுகிற ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் ஒரு கிழட்டு ஸ்டேஷன் மாஸ்டர் கைவிளக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். அவருக்குக் குளிரும், எங்களுக்கு வேர்க்கும்.

அப்பா சுந்தரராஜ், மணவாளக்குறிச்சி மணல் ஆலை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து மாற்றலாகிப் போன ஒரு பஞ்சாபி இன்ஜினியர் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போன கேசட் அது. படத்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பெயர் வரவேண்டிய இடத்தில் யாருடைய கல்யாண ஊர்வலமோ பதிவாகியிருந்தது. ஐந்து நிமிஷம் தலைப்பாகைக்காரர்கள் ஆடுவார்கள், பிறகு திடீரென்று பனி பெய்யும்.

வசனத்தை அப்பா தமிழில் சொல்லுவார். தன் குரல் மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். அவர் சொன்ன கதை இவ்வளவுதான்: ஸ்டேஷன் மாஸ்டரின் மகன் பட்டணத்தில் வேலை பார்க்கிறான், லீவு கிடைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடும் காய்ச்சலோடு ரயிலேறி வருகிறான். கூட ஒரு நர்ஸ் வருகிறாள். இருட்டில், பனியில், வந்திருப்பது யாரென்று தெரியாமல் அப்பன்காரன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். பிறகு அடையாளம் தெரிந்து திறக்கிறான். சாப்பிடுகிறார்கள். நர்ஸும் மகனும் நெருங்கி நிற்கிற இடங்களில் அப்பா எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு, "காய்ச்சல் இருக்கான்னு பாக்கா" என்பார். நாங்களும் நம்பினோம். அந்த நர்ஸ் படம் முழுக்கக் காய்ச்சல்தான் பார்த்தாள்.

என் பெயர் ஸ்மைலின். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் பெனிஷ் குவைத்தில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காத உண்மையான ஆள் அவர்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்கு வந்து அம்மாவோடு மாவு இடிப்பது, முந்திரிக்கொத்து உருட்டுவது, ஸ்டார் கட்டுவது எல்லாம் என் தலையில்தான் விழும். இந்த வருஷம் அதற்கு மேல் இன்னொன்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். என் தம்பி ஷிஜினையும் அவன் மனைவி அஸ்வதியையும் வீட்டுக்கு வரவழைத்தேன்.

ஐந்து வருஷமாக அவர்கள் இந்த வாசலை மிதிக்கவில்லை. இருவரும் திருவனந்தபுரத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவள் திருவட்டாறு, இந்துக் குடும்பம். அவளுடைய அப்பா கிருஷ்ணமணி அங்கே பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவரும் மனைவியும் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பேச வந்தார்கள். அப்பா கேட்டைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு ரெஜிஸ்தர் கல்யாணம் நடந்தது. நாங்கள் யாரும் போகவில்லை.

இதில் எனக்கு எரிச்சல் வருவது எங்கே தெரியுமா? கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் தெருவில் உள்ள பதினோரு இந்து வீடுகளுக்கும் தட்டில் கேக்கும் அச்சுமுறுக்கும் போகும். தீபாவளிக்கு அவர்கள் தருவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுப்போம். ஒரு வீடு விட்டுப் போனால் அப்பாவுக்குப் பொறுக்காது. "தாணம்மாளுக்குக் குடுத்தியா? நாராயணபெருமாளுக்குக் குடுத்தியா?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் ஒரு முறுக்குத் துண்டு போனதில்லை.

அவர்கள் வராவிட்டால் நானும் இனி வரமாட்டேன் என்று நவம்பரில் சொல்லிவிட்டேன். அப்பா மூன்று நாள் யோசித்துவிட்டு, "வரட்டு, சாப்பிட்டுட்டுப் போகட்டு" என்றார். ஷிஜின் ஃபோனில், "நாலு மணிக்கு இறங்கிருவோம்க்கா. அதுக்குள்ள அப்பா அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும். இல்லேன்னா இதுதான் கடைசி" என்றான். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு நான் படத்தைத்தான் நம்பியிருந்தேன். படம் ஓடும்போது அப்பாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த சிடி போன வருஷமே சிக்கிக்கொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், படத்தைத் தேடிக் கண்டுபிடித்தது அஸ்வதி. மாமாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இருக்கட்டும் என்று, பழைய படங்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பேசுகிற ஒரு குழுவில், ஷிஜின் சொல்லக் கேட்ட கதையை எழுதிப் போட்டிருக்கிறாள். மூன்று வாரமாக ஒருவருக்கும் தெரியவில்லை. காய்ச்சல்காரன், நர்ஸ் என்று அப்படி ஒரு படமே கிடையாது என்றார்கள். பிறகு நான் எப்போதோ டிவியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஃபோட்டோவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் அஸ்வதி அப்பாவுக்கு நேர் எதிரே இருந்தாள். கை நீட்டினால் தொடலாம். அப்பா அம்மாவைப் பார்த்து, "ராஜபாயி, அந்தப் பிள்ளைக்கு மீன் வேணுமான்னு கேளு" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அஸ்வதியைப் பார்த்து, "மீன் வேணுமா?" என்றேன். "போதும்க்கா" என்றாள். நான் அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொன்னாள். மீன் ஆறிப்போனது. ஷிஜின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று மணிக்குப் படம் தொடங்கியது. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தலைப்பாகைக்காரர்கள் இல்லாதது ஒரு மாதிரிதான் இருந்தது. கீழே இங்கிலீஷில் வசனம் ஓடியது. அதைப் போட்டு வைத்தது அஸ்வதி. நல்லது என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மகனுக்க கடிதாசு வந்திருக்கு. லீவு கிடைக்கல்லன்னு எழுதியிருக்கான். அவருக்கு வெசனம்."

கீழே எழுத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், மகனுடைய ஏழாவது கடிதத்தையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தேன். அதுதான் இருந்தது.

"இப்போ அந்தக் கூட்டாளி கேக்கான், சாயா குடிச்சியான்னு," என்றார் அப்பா.

பக்கத்தில் நின்ற கூட்டாளி அப்படிக் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்காகப் பெற்ற மகனை விட்டுவிடுவாயா என்று கேட்டான். ஸ்டேஷன் மாஸ்டர், அவள் நம் ஆலயத்தைச் சேர்ந்தவள் அல்ல, என் வீட்டுக்குள் அவள் கால் படாது என்றார்.

நர்ஸ் இல்லை. மருமகள்.

அப்பா குளிரைப் பற்றியும் சாயாவைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நிறுத்துவாரா என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. அஸ்வதி மெல்லக் கையை நீட்டி ரிமோட்டை எடுத்து எழுத்தை நிறுத்தப் போனாள். ஷிஜின் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"இரி. ஓடட்டு. அப்பா என்ன சொல்லுகாருன்னு நானும் பாக்கணும்."

"வேண்டாம், விடுங்க," என்றாள் அஸ்வதி.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஃபோன் பேசிப் பேசிக் காது வலித்தது எனக்கு. ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கிப் படத்தை நிறுத்தினேன். ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்பா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா? தெரியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. முப்பது வருஷமா வாயில வந்ததைச் சொல்லி எங்கள முட்டாளாக்கினது போதும்."

"ஏட்டி, அப்பாகிட்டயா இப்படிப் பேசுக?" என்றாள் அம்மா.

"நீ பேசாம இரும்மா."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். அதைத் துடைத்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தெரியும்," என்றார். "மொதல் தடவை பாத்தப்பவே எல்லாம் மனசிலாச்சு."

"பொறவு நர்ஸ் எங்கயிருந்து வந்தா?"

"நீங்க சின்னப் பிள்ளைய. கல்யாணம் கழிச்ச பெண்ணு வேற சபைன்னு சொல்லி, பெத்த மவனைப் பனியில நிறுத்தினான்னு எப்படிட்டி உங்ககிட்ட சொல்லுகது? அப்படியும் ஒரு தகப்பன் உண்டுமா அப்பான்னு இவன் கேப்பான். நான் என்ன பதில் சொல்ல? எனக்கு நாணமா இருந்து. அதுக்காக்கும் நர்ஸாக்கினேன்."

ஷிஜினின் முகம் சிவந்துபோயிருந்தது. "பொறவு நீங்களே அதைச் செய்தியளே," என்றான்.

"செய்தேன்," என்றார் அப்பா. "அந்த ஆளுக்கு ஒரு ராத்திரில புத்தி வந்துட்டு. எனக்கு அஞ்சு கிறிஸ்மஸ் போச்சு." பிறகு அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், நேரே அஸ்வதியைப் பார்த்தார். "தப்பாக்கும் மக்களே நான் செய்தது. மன்னிச்சிரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வழக்கமாக அவள் கதவு திறக்கிற காட்சியில்தான் அழுவாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கேட்ட ஒரு வார்த்தைக்கு மேலேயே கிடைத்துவிட்டது, இனி எல்லோருக்கும் காப்பி போடலாம் என்று எழுந்தேன்.

"என்கிட்ட எதுக்கு மாமா கேக்கீங்க?" என்றாள் அஸ்வதி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எனக்கு இவரு கூட இருந்தாரு. எங்க அப்பாவும் அம்மையும் உங்க கேட்டுக்கு வெளிய அரைமணி நேரம் நின்னாங்க. தெருவே பாத்துது. இப்பவும் தக்கலை வழியா பஸ்ஸுல போனா அப்பா இந்தப் பக்கம் திரும்பமாட்டாங்க."

அரைமணி நேரம் இல்லை. அன்று மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்தேன், நாற்பது நிமிஷம். இறங்கிப்போய்த் திறந்திருக்கலாம். நானும் திறக்கவில்லை. இந்த ஐந்து வருஷமாக எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேனே, அதில் பாதி என்மேல் உள்ள எரிச்சல்.

அப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனுஷனுக்கு எந்தக் காரியத்தையும் முழுசாகச் செய்யத் தெரியாது. ஷிஜின் கார் சாவியைத் தேடினான். மணி நாலு அடிக்கப் போனது.

கதவு திறந்தது. அப்பா காலையில் சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு நின்றார்.

"ஸ்மைலினே, வண்டிய எடு. திருவட்டாறுக்குப் போணும்."

"நாங்களும் வாறோம்," என்றான் ஷிஜின்.

"நீங்க வரண்டாம். நீங்க வந்தா உங்க முகத்துக்காக அவிய கதவைத் திறந்திருவாவ."

அம்மா அவசர அவசரமாக ஒரு தட்டில் கேக்கை அடுக்கிக் கொடுத்தாள். ரோடெல்லாம் கிறிஸ்துமஸ் கூட்டம். கேரல் பாடுகிறவர்களின் லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போனோம். வழியெல்லாம் என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிருஷ்ணமணி மாமா வீட்டின் முன்னால் இறங்கினோம். கேட் சாத்தியிருந்தது. அப்பா அதற்கு முன்னால் போய் நின்றார். நின்றபடியே இருந்தார்.

"பெல்லை அடிங்கப்பா."

"மணி எத்தனை?"

"அஞ்சே கால்."

"அஞ்சே முக்காலுக்கு அடிப்போம்."

தலையில் அடித்துக்கொண்டேன். எதிர்ப்பக்கச் சாயாக் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காருலயாவது இருங்கப்பா, கால் வலிக்கும்," என்றேன். அவர் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

உள்ளே சன்னல் திரை விலகியது. சற்று நேரம் கழித்துக் கிருஷ்ணமணி மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். கேட்டுக்கு உள்பக்கம் நின்று அப்பாவைப் பார்த்தார். நான் ஃபோனில் மணியைப் பார்த்தேன். ஐந்து இருபத்தாறு.

"என்ன சாரே, இங்கன நிக்கீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்," என்றார் அப்பா. "நீங்க எங்க வீட்டு முன்ன அரைமணி நேரம் நின்னீங்கன்னு உங்க மகள் சொன்னா."

கிருஷ்ணமணி மாமா எதிர்ப்பக்கச் சாயாக் கடையைப் பார்த்தார், மாடியில் நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று மாடி ஜன்னலில் நான் நின்றதை அவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டின் கொண்டியை நீக்கினார்.

"அவ கூட்டிச் சொல்லியிருக்கா சாரே," என்றார். "நாங்க பத்து நிமிஷந்தான் நின்னோம். நேரம் ஆயாச்சு, உள்ள வாங்க."