டாக்டரம்மாவின் குரல்

அந்தத் தொடரில் வரும் டாக்டரம்மாவைத் தெரியாத வீடே கிடையாது. வேறு மொழியில் எடுத்து, தமிழில் பேசவைத்து, சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு ஓடுகிற மருத்துவமனைக் கதை. நோயாளி கண்ணை மூடப்போகிற நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே நுழைவாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள், ஒரு வசனம் சொல்வாள். அவ்வளவுதான், செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து டீ கேட்பான். மறுநாள் காலையில் அந்த வசனம் சூரியோதயப் படத்தோடு எல்லார் போனுக்கும் வந்து சேரும்.

டாக்டரம்மாவின் முகம் எந்த ஊர் நடிகையுடையதோ தெரியாது. குரல் நம் தங்கையுடையது. யாருக்குத் தங்கை என்றால், அந்தத் தொடரின் முதல் பைத்தியமான அக்காவுக்கு.

சும்மா சொல்லக் கூடாது, அக்கா அந்த வசனங்களை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மகன் பெயிலானதற்கு அழுதுகொண்டு வந்தால், "விழுந்தவனைத் தூக்கறதுக்கு முன்னாடி எங்கே வலிக்குதுன்னு கேளு" என்பாள். புருஷன் தும்மினால்கூட, "உடம்பு பேசும்போது நாம குறுக்கே பேசக் கூடாது" என்று ஆரம்பித்துவிடுவாள். "நிம்மதியா தும்மவாவது விடேன்டி" என்று மனுஷன் கும்பிடுவார்.

"அக்கா, அதெல்லாம் நான் பேசினதுக்கா! தொண்டை வறண்டுபோய், டேக் மேல டேக் வாங்கி..." என்பாள் தங்கை.

"போடி. நீ பேசினா உப்புச்சப்பில்லாம இருக்கும். இது டாக்டரம்மா சொன்னது."

தங்கைக்கு இதைக் கேட்டால் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். அவள் வேலை என்னவென்று அவளுக்குத்தானே தெரியும்? கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. காதில் ஹெட்போன், எதிரே மைக், திரையில் நடிகையின் வாய். வாய் திறக்கும்போது ஆரம்பிக்க வேண்டும், மூடுவதற்குள் முடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால், "உதடு ஒட்டலைம்மா, இன்னொண்ணு போகலாம்" என்பார் ஒலிப்பதிவுக்காரர். வசனத்துக்கு அர்த்தம் என்ன, யார் கேட்டு அழப்போகிறார்கள் என்றெல்லாம் யோசிக்க அங்கே யாருக்கு நேரம்? எல்லாம் வெறும் காற்று என்பதுதான் தங்கையின் தீர்மானமான அபிப்பிராயம்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி என்று இருந்தது நுரையீரல் பூராவும் பரவி, மூச்சுக்குத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. வாய் வழியாகக் குழாயை இறக்கி, இயந்திரத்தை வைத்து மூச்சு கொடுத்தார்கள். மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் இயந்திரத்தை விட்டு அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை. மயக்க மருந்தைக் குறைத்து, சொந்தமாக மூச்சு விடட்டும் என்று விட்டுப்பார்த்தால், விழித்த மாத்திரத்தில் தொண்டைக்குள் குழாய் இருப்பது தெரிந்து அக்கா மிரண்டு போனாள். கண் பிதுங்கி, மூச்சு தாறுமாறாகி, மறுபடி இயந்திரத்திடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாளும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் தங்கையையும் அக்கா புருஷனான மாமாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நுரையீரல் தயாரா இருக்கு. பயம்தான் விட மாட்டேங்குது. இன்னைக்கும் முடியலைன்னா தொண்டையில துளை போட்டு அது வழியா குழாய் வைக்கணும். அப்புறம் எப்போ எடுக்கலாம்னு என்னால சொல்ல முடியாது."

மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தொண்டையிலயா? அவ பேசாம எப்படி இருப்பா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். "பக்கத்துல ஒருத்தர் இருக்கலாம். தெரிஞ்ச ஆள் இருந்தா பயம் குறையும்" என்றார் டாக்டர். மாமா, "நீ போம்மா, நான் போனா அழுதுடுவேன்" என்று சுவரோரமாக நின்றுவிட்டார்.

பச்சை அங்கி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு தங்கை உள்ளே போனாள். "சிஸ்டர், நான் எங்கே நிக்கட்டும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நர்ஸம்மா விருட்டென்று திரும்பினார். முகம்தான் மூடியிருக்கிறதே தவிர, குரலை எப்படி மூடுவது?

"அய்யோ, டாக்டரம்மா! நீங்கதானே அது? உங்கக்கா அந்தத் தொடர் பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்களாவா? அதுலயே குடியிருப்பா."

"அப்போ அந்தக் குரல்லயே பேசுங்களேன். மூச்சு வசனம் ஒண்ணு வருமே, அதைச் சொல்லுங்க."

தங்கைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாகக் கிடக்கிற அக்கா காதில் பூச்சுற்றுவதா? ஆனால் மருந்து குறைந்து அக்காவின் இமை அசைய ஆரம்பித்துவிட்டது. கண் திறந்தது. திறந்த உடனே மிரண்டது. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கட்டிவைத்த கை இழுத்தது. வேறு வழியில்லாமல் தங்கை நெஞ்சை நிமிர்த்தி, டாக்டரம்மாவாகவே எடுத்துவிட்டாள்.

"அடுத்த மூச்சு மட்டும்தான் உங்க வேலை. மீதி எல்லாம் எங்க வேலை. மூச்சைத் தேடிப் போகாதீங்க, அது உங்களைத் தேடித்தான் வருது!"

அக்காவின் கண் சட்டென்று அவள் பக்கம் வந்தது. ஆள் அடையாளம் தெரிந்துகொண்ட கண். தங்கைக்கு உற்சாகம் தாங்கவில்லை, அடுத்த வசனம், அதற்கடுத்தது என்று மளமளவென்று பொழிந்தாள். ஆனால் என்ன ஆயிற்று? அக்காவின் மூச்சு அடங்குவதற்குப் பதிலாக வேகம் எடுத்தது. இயந்திரம் கத்த ஆரம்பித்தது. டாக்டர் முகம் சுருங்கியது.

"மெதுவா, மெதுவா!" என்றார் நர்ஸம்மா. "நீங்க ஓடறீங்க, அவங்க பின்னாடியே ஓடி வர்றாங்க."

தங்கைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நடிகையின் வாய் மூடுவதற்குள் முடிக்கிற அவசரத்தில் அல்லவா பேசிக்கொண்டிருக்கிறாள்! அந்த நடிகை இங்கே இல்லை. இங்கே இருப்பது அக்கா. ஒட்ட வேண்டியது இவள் மூச்சோடு.

முதல் தடவையாக அவள், வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவின் நெஞ்சைப் பார்த்தாள். ஏறியது, நடுங்கியது, இறங்கியது. அது இறங்கும்போது ஒரு சொல்லை மட்டும் வைத்தாள்.

"அடுத்த..."

ஏறும்வரை காத்திருந்தாள். இறங்கியது.

"மூச்சு..."

மறுபடி காத்திருந்தாள். ஒரு சொல்லுக்காக இவ்வளவு நேரம் அவள் வாழ்நாளில் காத்திருந்ததில்லை. "மட்டும்தான்... உன்... வேலை." உங்க என்பது எப்போது உன் என்று ஆனது, டாக்டரம்மா எப்போது கழன்று போனாள், இவளுக்கே தெரியாது. வெறும் தங்கையின் குரல்தான் மிச்சம் இருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அக்காவின் கண் மிரட்சி தணிந்து, தங்கையின் முகத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. இயந்திரம் வாயை மூடிக்கொண்டது.

மெய் சிலிர்த்துப் போயிற்று தங்கைக்கு. எத்தனை தடவை சொன்ன வசனம்! காற்று என்று நினைத்தாளே, காற்றுதான், அந்தக் காற்றுக்காகத்தானே ஒரு உயிர் இப்படிப் போராடுகிறது! ஒவ்வொரு மூச்சும் எங்கிருந்தோ புறப்பட்டு, அக்காவைத் தேடிக்கொண்டு வந்து சேர்வதைக் கண்ணாலேயே பார்த்தாள். இதை எழுதினவருக்கு இது தெரிந்திருக்குமா? பேசின தனக்கே தெரியவில்லையே!

அரைமணி நேரம் போனது. டாக்டர் இயந்திரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தலையை அசைத்தார். ஒட்டுப்பட்டையைப் பிரித்து, "இருமுங்க!" என்று சொல்லி, ஒரே இழுப்பில் குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். அக்கா இருமினாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் வழிய இருமினாள். தங்கை பயந்துபோய், "அடுத்த மூச்சுக்கா... அடுத்த மூச்சு..." என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கரகரவென்று, சருகு உரசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் வாயை மூடுடி. நானே விட்டுக்கறேன்."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். தங்கை வாயை மூடிக்கொண்டாள். பேசிப் பேசியே சோறு தின்கிறவள், ஒன்றும் சொல்லாமல் அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வெளியே வந்தபோது மாமா அதே சுவரோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துட்டாங்க மாமா. பேசிட்டா."

"பேசினாளா? என்ன பேசினா?"

"என்னை வாயை மூடச் சொன்னா."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ அவளேதான்" என்று சொல்லி, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.