கிரீடம் இல்லாத கழுகு

அய்யூபுக்கு மைமூனைக் கண்டாலே ஆகாது. செத்துப்போன தம்பியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த அன்றே, "ஜன்னலோரப் பலகை இனிமே கமாலுக்கு" என்று மருமகனின் பேரில் பட்டா எழுதாத குறையாகச் சொன்னவர் அவர். தம்பி மனைவிக்கான நாலு மாச இத்தா முடிந்து பட்டறைக்கு வந்த மைமூன் நேராகப் போய்ப் புருஷன் உட்கார்ந்த அந்தப் பலகையில்தான் உட்கார்ந்தாள். சீருடைச் சின்னங்களுக்குச் சரிகை தைக்கிறவர்களுக்கு வெளிச்சம்தான் சொத்து. பர்மாவில், பசுந்தாங் பேட்டையின் அந்த இடுக்குக் கட்டடத்தில் சாயங்காலம் வரை வெளிச்சம் நின்றது அங்கே மட்டும்தான்.

"ஒரு தப்பு பண்ணு. அன்னிக்கே கெளம்பிடணும்" என்றார் அய்யூப். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கொக்குக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

தொண்ணூற்றிரண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அய்யூப் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு போலந்துக்காரர் வந்தார். பர்மா ராணுவம் அவர் நாட்டிலிருந்து வாங்கிய ஹெலிகாப்டர்களைப் பூட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக்குகளின் தலைவர், பழைய ராணுவக்காரர். மாதிரிக்குத் தன் நாலு மூலைத் தொப்பியைப் பலகைமேல் வைத்தார். அதன் முகப்பில் ஒரு வெள்ளிக் கழுகு. ஒப்படைப்பு விழாவுக்குப் பன்னிரண்டு கழுகு வேண்டுமாம்.

கூட வந்த பர்மாக்கார மொழிபெயர்ப்பாளர், அவர்கள் மரியாதைப்படி பேருக்கு முன்னால் 'மா' சேர்த்து விளக்கினார். "மா மைமூன், உலகச் சண்டைக்கப்புறம் இவங்க நாட்டுல வந்த அரசாங்கம் இந்தக் கழுகோட கிரீடத்தைப் பிடுங்கிட்டுது. நாப்பது வருஷத்துக்கு மேல மொட்டைத் தலை. ரெண்டு வருஷம் முந்திதான் திருப்பிக் குடுத்தாங்க. ஒடம்பு தொப்பியைப் பாத்துத் தைங்க, கிரீடம் இந்தக் காகிதத்துல இருக்கற படத்தைப் பாத்து."

மைமூன் காகிதத்தை மடித்து ஊசிப் பெட்டியில் வைத்தாள்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அய்யூப் சரிபார்க்க வந்தார். மாதிரியில் இல்லாத ஒரு தையல்கூட வரக் கூடாது என்பது அவர் வாப்பா காலத்துச் சட்டம். ஒரு நட்சத்திரம் கூடினால் சிப்பாய்க்குப் பதவி கூடிவிடும், போலீஸ் வாசலுக்கு வந்துவிடும். தொப்பியைப் பார்த்தார், கழுகுகளைப் பார்த்தார். முகம் பெருநாள் மாதிரி மலர்ந்தது.

"மாதிரியில மொட்டைத் தலை. இதுல ஏது கிரீடம்?"

"மச்சான், அது வந்து..."

"வாயை மூடு! மாதிரிய பாக்கத் தெரியாதவளுக்குப் பலகை ஒரு கேடா?"

மூடிக்கொண்டாள். அவர் பிளேடை எடுத்து, எல்லோரும் பார்க்க, கிரீடங்களை ஒவ்வொன்றாக அறுத்தார். அவள் கண் எரிய எரியத் தைத்தவை அவை. மூன்றாவது அறுபட்டபோது தாங்கவில்லை. கை ஊசிப் பெட்டிக்கு நீண்டது.

"கமாலு, ஒன் ஒக்கார்ற மெத்தையக் கொண்டா. இங்கன போடு" என்றார் அய்யூப்.

நீண்ட கை மடிக்குத் திரும்பியது. அறு, நல்லா அறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டும் முடிகிறவரை அவள் இமைகூடக் கொட்டவில்லை.

அன்று மத்தியானமே போலந்துக்காரர் வந்துவிட்டார். ஒரு கழுகைக் கையில் எடுத்தவர், அறுபட்ட இடத்தை விரலால் தடவினார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யார் வெட்டினதுன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இவரோட அப்பா இந்தக் கிரீடத்தைத் தொப்பியில வச்சதுக்கு ஆறு வருஷம் ஜெயில்ல கெடந்தாராம்."

இந்த மனுஷன் மைமூனின் கணக்கிலேயே வரவில்லை. பெட்டியைத் திறந்து காகிதத்தை நீட்டினாள். அய்யூப் அதைப் பார்த்தார். மெத்தையோடு நின்ற கமால் பின்னுக்கு நகர்ந்தான்.

"நாளைக்கு அசர் தொழுகைக்குள்ள தச்சுத் தந்துடறேன்" என்றாள் மைமூன். "மச்சான் ஊசி கோத்துக் குடுக்கணும். பலகைப் பேச்சு இனிமே எடுக்கப்படாது."

அய்யூப் தரையில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்தார்.

மறுநாள் போலந்துக்காரர் புதுக் கழுகு வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவர்கள் வழக்கப்படி இரண்டே விரலை நெற்றிக்குக் கொண்டுபோய் அவளுக்கு சல்யூட் அடித்தார். மைமூனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் படியிறங்கியதும் அய்யூப் கேட்டார்: "நான் அறுக்கறப்போ காகிதம் கைக்கெட்டற தூரத்துலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றாள், குனிந்தபடியே.