நாள் சொன்னவள்

பீப்பாய் செய்யும் ஓபேத்துக்குத் திர்சா கோல் கொடுக்க வேண்டிய கடன் முப்பத்தொரு டாலர் நாற்பது சென்ட். அதற்குச் சீட்டு இல்லை. எழுதி வாங்கிய சீட்டை ஓபேத்தே அடுப்பில் போட்டுவிட்டார்.

அது 1844 அக்டோபரில் நடந்தது. அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி இயேசு வானத்திலிருந்து இறங்கி வருகிறார் என்று அமெரிக்காவின் மெய்ன் கடற்கரை நெடுக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். நார்ட்டன் கோவ் துறைமுகத்தில் அந்தக் கூட்டத்தை நடத்தியவள் திர்சா. முப்பது வயது, கல்யாணம் ஆகாதவள். விடியுமுன் எழுந்து எழுதுவாள். எழுதியதை அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவாள். அச்சுக்கூலிக்குத்தான் ஓபேத்திடம் கைநீட்டினாள். தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கூட்டம் கூடும் கொட்டகையில் எழுந்து நின்று, "நாள் நிச்சயம். கடனோட யாரும் அவர் முகத்துல முழிக்காதீங்க" என்றாள். வாங்கியவர்கள் கொடுத்துத் தீர்க்கட்டும் என்று நினைத்துச் சொன்னதுதான். ஆனால் ஓபேத் பையிலிருந்து பதினொரு பேருடைய சீட்டுகளை எடுத்து, அங்கே குளிருக்கு எரிந்த அடுப்பில் மொத்தமாகத் திணித்தார். அதில் பெரிய சீட்டு அவளுடையது. அவள் தடுக்கவில்லை.

இருபத்திரண்டு வந்தது, போனது. மறுநாள் காலை வழக்கம்போல் சேவல் கூவியது. எல்லோருக்கும் பசித்தது. அந்தப் பசிதான் பெரிய அவமானமாக இருந்தது.

நூறு பேர் இருந்த கூட்டம் முப்பதாகச் சுருங்கியது. அந்த முப்பது பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுமையைப் பற்றிப் பேசினாள், ஜெபத்தைப் பற்றிப் பேசினாள். நாளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் செருப்புக் கம்பெனிக்கு மேல்தோல் தைத்தாள். ஜோடிக்கு நாலு சென்ட். ஊசி ஏறாத விரல் இல்லை. மார்ச் மாதம் பனி இளகித் தெரு சேறானபோது முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. துணியில் முடிந்துகொண்டு புறப்பட்டாள்.

வழியில் மளிகைக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னடியம்மா, இன்னும் மேல கெளம்பலையா? ஏணி கீணி வேணும்னா சொல்லு, கடையில இருக்கு."

"சேறு காயட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுத் திர்சா நடந்தாள்.

ஓபேத் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் அதன்மேல் இருந்தது வெறும் வெந்நீர். அந்த இலையுதிர்காலம் முழுக்க அவர் ஒரு பீப்பாய்க்கும் பலகை அறுக்கவில்லை. உலகமே முடியப்போகிறது, பீப்பாய் யாருக்கு? பசுவையும் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சும்மா கொடுத்திருந்தார்.

"நம்ம பசுவோட பாலு, நமக்கே படி மூணு சென்ட்" என்றாள் அவர் மனைவி கெசையா. "அவன் நல்லவன். தண்ணி கலக்கறதில்ல."

திர்சா முடிச்சை மேசைமேல் வைத்தாள். "அண்ணே, இது உங்க பணம்."

ஓபேத் தொடவில்லை. "நெருப்புல போட்டது ஆண்டவருக்குக் குடுத்தது. இப்ப வாங்கினா அவர்கிட்டேர்ந்து பிடுங்கின மாதிரி ஆயிடும்."

"நான் சொன்னதாலதானே போட்டீங்க?"

"அதான் எனக்கும் தெரியணும், தங்கச்சி. நாளுன்னு சொன்னது நீயா, அவரா? அவர்னா, பணம் அவரோடது, எடுத்துட்டுப் போ. நீன்னா, அத இங்க வந்து சொல்லாத. எங்க சொன்னியோ அங்க சொல்லு."

"யோவ், சோறு வரும்போது வேதம் பேசாத" என்று கெசையா பல்லைக் கடித்தாள். கிழவர் அசையவில்லை. திர்சா முடிச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள். நாள் சரிதான், நாம்தான் அர்த்தத்தை மாற்றிப் புரிந்துகொண்டோம் என்று நாலு பக்கம் எழுதினாள். அழகாக வந்திருந்தது. முப்பது பேரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தப்பென்று சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மிஞ்சுகிறவர்களாவது இனி அவள் எழுதும் ஒரு வரியை நம்புவார்களா? எழுத்தைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் சொத்து கிடையாது. மூன்றாம் நாள் மத்தியானம் அந்த நாலு பக்கத்தையும் வாசித்துப் பார்த்தாள். கெசையாவின் வெந்நீர்ப் பானைதான் கண்முன் நின்றது. காகிதத்தை மடக்கி ஓரமாக வைத்தாள்.

கூட்டத்துக்கு வெறும் கையோடு போனாள்.

"வருவேன்னு அவர் சொன்னார்" என்றாள். "நாள் நான் சொன்னது. கணக்குப் போட்டேன், தப்பாப் போட்டேன். அவர்மேல பழி போடாதீங்க. என்னை நம்பி நஷ்டப்பட்டவங்க என்னை மன்னிக்கணும்."

முதலில் எழுந்தவன் லேமுவேல். அவன் ஓபேத்துக்குத் தர வேண்டிய பன்னிரண்டு டாலர் சீட்டும் அந்த அடுப்பில்தான் எரிந்திருந்தது.

"இரு, இரு. நாளு தப்புன்னா, எரிஞ்ச சீட்டும் தப்பா? நீ திருப்பிக் குடுத்தா நாங்களும் குடுக்கணுமா?"

"உன்ன நான் கேக்கல, லேமுவேல்" என்றார் ஓபேத்.

"நீ கேக்க மாட்ட. ஊரு கேக்குமே! இந்தப் பொம்பள வாய வெச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்." தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் பின்னால் ஒவ்வொருவராகப் பெஞ்சு காலியானது. ஒரு பெண் போகும்போது திர்சாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்; ஆனாலும் போனது என்னவோ போனதுதான். கடைசியில் மிஞ்சியது பதினொரு பேர். அழாமல் அவர்களோடு ஒரு பாட்டுப் பாடி முடித்தாள்.

சாயங்காலம் மறுபடியும் ஓபேத் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை அவர் முடிச்சைக் கையில் வாங்கினார். அவிழ்த்து ஒவ்வொரு காசாக அடுக்க ஆரம்பித்தார்.

"இவர் எண்ணி முடிக்கறதுக்குள்ள ஆண்டவர் நெஜமாவே வந்துடுவார்" என்று கெசையா துணியைப் பிடுங்கித் தானே எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். "முப்பத்தொண்ணு நாப்பது."

"சரியா இருக்கா?" என்றாள் திர்சா.

"இருக்கு" என்றார் ஓபேத். "தீர்ந்துது, தங்கச்சி."