பசி என்று நினைத்தோம்

என் புருஷனுடைய வயல் ஏரிக்கரையில். அண்ணனுடைய மீன் கூண்டுகள் ஏரிக்குள். கரையோரப் புல்லை விட்டுவைத்தால் உரம் தண்ணீரில் கலக்காது என்று மீன்துறை அதிகாரியம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவர் காதில் விழுந்தால்தானே? விளிம்புவரை உழுது, மழைக்கு முந்தின நாள் உரத்தை வாரி இறைத்தார். அத்தனையும் ஏரிக்குப் போய்ப் பாசியானது. அந்தப் பாசி செத்து அழுகி, தண்ணீரிலிருந்த ஆக்சிஜனைத் தின்றது.

ஒரு விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சுக்குத் தவிக்கின்றன என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"பாவம், பசிக்குது போல மச்சான்," என்று இவர் தீனியை அள்ளிப் போட்டார். அண்ணனும் போட்டான். மறுநாளும் போட்டார்கள். மீன் தொடாத தீனி அடியில் அழுகி, மிச்சமிருந்த மூச்சையும் குடித்துவிட்டது.

செத்த மீன்களைக் கரையில் குவித்தோம். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

இவர் அவன் தோளைத் தட்டினார்.

"விடுங்க மச்சான். வீணாக்குவானேன்? நம்ம வயல் ஓரத்துலயே கொட்டிரலாம். அருமையான உரம்."