கல்வாசலில் சொல்லாத வார்த்தை

செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குள் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால், எந்தப் பெண்டாட்டிதான் சும்மா விடுவாள்? ஃபெங்மெய் காலையிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிலக்கரிச் சுரங்க ஊரான டாதோங்கிலிருந்து சனிக்கிழமை ரயிலில் பெய்ஜிங் வந்து இறங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைதான் படுக்கை கிடைக்கும். நடுவில் ஒரு நாள் சும்மா இருந்தது. பெய்ஜிங்கில் பூங்கா இல்லையா, ஏரி இல்லையா, வாத்துக்கறிக் கடை இல்லையா? அவள் புருஷன் குவாங்ஷான் மட்டும் மிங் வம்ச ராஜாவின் கல்லறையைத்தான் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"இருபத்தேழு மீட்டர் கீழே இறங்கணுமாம். டாக்டர் உனக்கு மூச்சு வாங்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"இருபத்தேழு மீட்டர் ஒரு ஆழமா, கிழவி? முந்நூறு மீட்டருக்குக் கீழே முப்பது வருஷம் சோறு தின்னவன் நான்."

"சுரங்கத்துல ஏத்தி இறக்கக் கூண்டு இருந்துச்சு. உன் நெஞ்சும் அப்ப நல்லா இருந்துச்சு."

"மெதுவா இறங்குறேன். ராஜா எங்கேயும் ஓடிட மாட்டாரு."

வழிகாட்டிப் பெண் லூ சுற்றுலாப் பேருந்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "வெளியே வர்றப்போ ரெண்டு கல்தூண் வச்ச வாசல் ஒன்னு வரும். அதைத் தாண்டினாத்தான் நாம இந்தப் பக்கத்து ஆளுங்க. ஆம்பளைங்க இடது கால், பொம்பளைங்க வலது கால். நல்லாத் தரையில தட்டி, மேல ஒட்டுன தூசியை உதறிட்டு, 'நான் வந்துட்டேன்'னு சத்தமாச் சொல்லுங்க. இல்லேன்னா கீழே இருக்கறவங்க கூடவே பஸ்ல ஏறிடுவாங்க. என்கிட்ட சீட் இல்லை."

பேருந்தே சிரித்தது. ஃபெங்மெய் சிரிக்கவில்லை. இடது கால், நான் வந்துட்டேன் என்று இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கீழே குளிர் எலும்பைத் தொட்டது. எல்லோரும் சிவப்புச் சவப்பெட்டிகளை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குவாங்ஷான் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுத்தான்.

"கூரையைத் தாங்க ஒரு முட்டுக்கட்டை இல்லை, பாரு. நானூறு வருஷமா நிக்குது. எங்க சுரங்க மேஸ்திரி பாத்தா வெக்கப்பட்டுச் செத்துருப்பான்."

"இங்க வந்து சாவுன்னு பேசாதே. கிளம்பு."

மேலே ஏறும்போது மூன்று இடத்தில் நின்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு அவன் மேல் கோபமாக வந்தது, தன் மேல் இன்னும் கோபமாக வந்தது. கையைக் காலைக் கட்டியாவது விடுதியில் போட்டிருக்க வேண்டும்.

கல்வாசலில் ஒரே அமர்க்களம். ஆளாளுக்குத் தரையை உதைத்தார்கள். ஒரு குண்டு மனிதர் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிவிட்டன. குவாங்ஷானோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைத்தெருவைக் கடப்பவன் மாதிரி வாசலைத் தாண்டிப் போய்விட்டான். அவள் ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"திரும்பி வந்து சொல்லு."

"மாட்டேன்."

"ஒரு வார்த்தை சொன்னா உன் சொத்தா போயிடும்?"

"அது வீட்டு வாசல்ல சொல்ற வார்த்தை. இது எவன் வீடு?"

"நீ வீட்டு வாசல்லயும் ஒரு நாளும் சொன்னதில்லையே, மகராசா."

"பூட்ஸைத் தட்டுனேன்ல? உனக்குக் கேட்டுச்சுல்ல?"

கேட்கத்தான் செய்தது. வேலை முடிந்து வருபவன் நிலக்கரித் தூள் உதிர, இடது பூட்ஸை வாசல்படியில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் கொதிக்கிற தண்ணீரில் நூடுல்ஸைப் போடுவாள். கேட்காத வரை அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருவாள். சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிகள் எல்லோருமே அப்படித்தான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவன் தக்காளி மாதிரிச் சிவந்த சீமைப் பனிச்சைப்பழம் வாங்கப் போன நேரம் பார்த்து வாசலுக்குத் திரும்பி ஓடினாள். தரையை உதைத்து, "எங்க வீட்டுக்காரர் பெய் குவாங்ஷான் வந்துட்டாரு" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்தவங்களுக்காகச் சொன்னா செல்லுமா, பொண்ணே?" என்று லூவைக் கேட்டாள்.

"தெரியலையே அத்தை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

பேருந்து பாதி வழி போன பிறகுதான், தனக்காகத் தான் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், குடிக்க மறந்தாள். நடைபாதையின் ஓடுகளை எண்ணி, தப்பாகிப் போய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். பையிலிருந்த பழம் கனிந்து கொழகொழத்துவிட்டது. அவனுக்கு ஏதாவது ஆனால் அது அந்தப் பிடிவாதம் பிடித்த வாயால்தான். அந்தக் கல்வாசலைத் தேடிப் போய் இடித்துத் தள்ளலாமா என்றுகூட இருந்தது. டாக்டர் வெளியே வந்து, "முடிஞ்சது. கண் முழிக்கட்டும், பார்க்கலாம்" என்றார். முழிக்கட்டும் என்ற அந்த ஒரு சொல் அவளை ராத்திரி முழுக்கப் பெஞ்சில் உட்காரவிடவில்லை.

புதன்கிழமை மதியம் அவளுக்குக் கவுன் மாட்டித் தீவிர சிகிச்சை அறைக்குள் விட்டார்கள். ஐந்து நிமிஷம்தான், பேசவைக்கக் கூடாது என்றாள் நர்ஸ். எங்கே பேசுவது? வாயில் குழாய். மூக்கிலும் கழுத்திலும் ஏதேதோ ஒயர்கள். முகம் வேறு யாருடையதோ போல வீங்கிக் கிடந்தது. மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"கிழவா" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

கண் கொஞ்சம் திறந்தது. அவளைப் பார்த்ததா, கூரையைப் பார்த்ததா, தெரியவில்லை. மறுபடியும் மூடிக்கொண்டது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வைக்கடியில் இடது கால் அசைந்தது. தூக்க முடியாமல் தூக்கி, கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் ஒரு தட்டு. நரம்பு இழுக்கிறதோ என்று பயந்துபோனாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

நர்ஸ் பதறிக்கொண்டு வந்தாள். "என்னம்மா ஆச்சு? என்ன வேணுமாம் அவருக்கு?"

"ஒண்ணுமில்லை. வீட்டுக்கு வந்துட்டாரு. நூடுல்ஸ் போடச் சொல்றாரு" என்றாள் ஃபெங்மெய்.